மாதவிடாய் சீராகக் கழற்சிக்காய் உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

நாள் தள்ளித் தள்ளிப் போகிறது, வீட்டில் கழற்சிக்காய்ப் பொடி சாப்பிடச் சொல்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா டப்பாவோடு நிற்கிறார் போல. என் வீட்டில் நின்றவர் அத்தை.

ஆதாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கழற்சிக்காய்க்குக் காட்டப்படுபவை பெரும்பாலும் எலி ஆய்வுகள். லெட்ரோசோல் மருந்து கொடுத்து எலிக்குச் சினைப்பையில் நீர்க்கட்டியை வரவழைத்து, பிறகு கழற்சிக்காய்ப் பருப்பின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தவை. எலிக்குக் குணம் தெரிந்தால் நமக்கும் தெரியும் என்று அர்த்தமில்லை. இதே பேச்சில் அடிபடும் லவங்கப்பட்டைக்கு ஆதாரம் ஒரு படி மேல். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீர்க்கட்டி உள்ள 45 பெண்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு தினம் 1.5 கிராம் பட்டை, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று 6 மாதம் கொடுத்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. பட்டை சாப்பிட்டவர்களுக்கு மாதவிடாய் முன்பைவிட அடிக்கடி வந்திருக்கிறது. ஆனால் கடைசிவரை நின்றவர்கள் வெறும் 17 பேர். இதை வைத்துக்கொண்டுதான் யூடியூபில் ‘விஞ்ஞானிகளே வியந்த பட்டை’ என்று போடுகிறார்கள்.

வெறும் மாத்திரை எதற்கு என்கிறீர்களா? ஒழுங்கில்லாத மாதவிடாய் என்றைக்காவது ஒருநாள் தானாகவே வரத்தான் செய்யும். கடைசியாக எதைச் சாப்பிட்டோமோ அதற்குப் பேர் போய்விடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

எனக்கு நடந்தது இது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இழுத்துக்கொண்டிருந்தது. அத்தை நாட்டு மருந்துக் கடையிலிருந்து கழற்சிக்காய் வாங்கி வந்தார். சாம்பல் நிறத்தில் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். அம்மிக்கல்லில் வைத்து ஒரு போடு போட்டால் உடையாமல் துள்ளிக் கட்டிலுக்கடியில் ஓடும். உள்ளே இருக்கும் பருப்பை மிளகோடு பொடித்து, வெறும் வயிற்றில் மோரில் கலந்து நீட்டுவார். கசப்பு மதியச் சாப்பாடு வரை நாக்கைவிட்டுப் போகாது. குடித்தேன். அத்தையிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் இருக்க முடியாது.

உடனே ‘சித்த மருத்துவத்தின் எதிரி’ என்று கிளம்பிவிடாதீர்கள். என் பிரச்சினையைக் கண்டுபிடித்ததே அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் இருந்த டாக்டரம்மாதான். நாடி பார்த்தார், முடி கொட்டுகிறதா, குளிர் தாங்கவில்லையா, மலச்சிக்கல் உண்டா என்று கேட்டார். “மருந்து இருக்கட்டும்மா, முதல்ல தைராய்டு பாத்துட்டு வா” என்று சீட்டு எழுதினார். டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) 14. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. தைராக்சின் மாத்திரை ஆரம்பித்துச் சில மாதங்களில் நாள் கணக்கு ஒழுங்குக்கு வந்தது. அத்தையைக் கேட்டால் இன்றும் கழற்சிக்காய்தான் என்பார். அவரோடு யார் வாதாடுவது?

எள்ளுருண்டை கேட்டீர்கள் என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள், மருந்தாக அல்ல, பலகாரமாக. ஆனால் அதில் சேர்க்க நல்ல கருப்பட்டிக்கு எங்கே போவது? உறையில் உடன்குடி என்று பெரிதாக அச்சடித்திருக்கிறது, நாக்கில் வைத்தால் பாதி வெள்ளைச் சர்க்கரை. போன தடவை கடைக்காரரிடம் கேட்டதற்கு “இப்ப எல்லாமே இப்படித்தான்க்கா” என்று சிரிக்கிறார். விலையை மட்டும் பனையேறி கேட்கிற விலைக்கு மேலேயே வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்க நாதியில்லை.

சரி, உங்கள் விஷயம். 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம். மூன்று மாதமாக வரவே இல்லை, அல்லது வந்தால் நிற்காமல் கொட்டுகிறது என்றால் டப்பாவை மூடிவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் முதலில் அந்தப் பரிசோதனை. அப்புறம் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), ஹீமோகுளோபின், தேவைப்பட்டால் ஸ்கேன். ஆன்லைனில் லேகியம் வாங்காதீர்கள். 2008-இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதுவும் வெறும் வயிற்றில்தான், தண்ணீரோடு மட்டும். பெரியம்மாவின் மோரை அதோடு சேர்க்காதீர்கள். பொடியும் சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.