செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: பம்ப்தான் குற்றவாளியா?

பர்மாவின் தட்டோனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"2004 மாடல் டொயோட்டா புரோபாக்ஸ் வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாகக் காலையில் மட்டும் இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்தால்தான் எஞ்சின் பிடிக்கிறது. அப்புறம் நாள் முழுக்கத் தொல்லை இல்லை. போன வாரம் பெகுவில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு மழையில் திரும்பினேன். பங்க்கில் பெரிய வரிசை. ஊருக்குப் பத்து மைல் இருக்கும்போது ரோட்டோரக் கடையில் ஐந்து பாட்டில் வாங்கி ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை வண்டி கிளம்பவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஒரே ஒரு முறை பிடித்து, அரை நிமிஷம் திக்கித் திக்கி ஓடி நின்றுவிட்டது. முள் கால் டேங்க் காட்டுகிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் சாவியை மட்டும் திருப்பி, பின்னால் காது வைத்துக் கேட்டார். 'சத்தமே இல்லை, பம்ப் போச்சு' என்கிறார். பம்ப் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாற்றிவிடலாமா, ஐயா?"

கொஞ்சம் பொறுங்கள், தம்பி. டேங்குக்குள் இருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற அந்தப் பம்பை இன்னும் மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒன்றல்ல, இரண்டு நோய் இருக்கிறது. இரண்டு மாதமாக இருக்கிற காலைத் தொல்லை ஒன்று. பாட்டில் பெட்ரோல் ஊற்றிய மறுநாள் வந்தது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி பம்ப் தலையில் வைத்தால் புது பம்ப் போட்ட பிறகும் வண்டி கிளம்பாமல் நிற்கும். அப்படி நின்ற வண்டிகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன, பளபளவென்று புது பம்போடு.

முதலில் அந்த 'சத்தமே இல்லை' விஷயம். சாவியைத் திருப்பியதும் பம்ப் இரண்டு விநாடி உறுமி நிற்கும் என்பது பல வண்டிகளுக்குச் சரி. ஆனால் பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் அது நடக்காது. செல்ஃப் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் கம்ப்யூட்டர், பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயை இயக்கும். சாவியை மட்டும் திருப்பிவிட்டு மௌனத்தைக் கேட்டு பம்ப் செத்துவிட்டது என்றால், தூங்குகிறவனுக்குச் சாவுச் சங்கு ஊதுகிற மாதிரி. ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பெட்ரோல் மூடியைக் கழற்றி, குழாய் வாயில் காதை வையுங்கள். மெல்லிய 'ஙீ' என்ற ஓசை கேட்டால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. உங்கள் வண்டி அரை நிமிஷமாவது ஓடியதே, அதுவே அந்தச் சமயத்தில் பம்ப் சுற்றியதற்குச் சாட்சி.

செல்ஃப் அடிக்கும்போது கூடவே இன்னொன்றும் பாருங்கள். ஆர்.பி.எம். முள் உள்ள டேஷ்போர்டாக இருந்தால், சுற்றும்போது அது கொஞ்சமாவது அசைகிறதா? அசையவே இல்லையென்றால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படவேண்டும். எஞ்சின் சுற்றுகிறது என்று அந்த சென்சார் சொன்னால்தான் கம்ப்யூட்டர் தீப்பொறியையும் பெட்ரோலையும் விடும். அது வாய்மூடினால் பம்ப், தீப்பொறி தரும் காயில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எல்லாம் ஒன்றாகச் செத்த மாதிரி தோன்றும். முள் இல்லாத மாடல் என்றால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் ஆர்.பி.எம். எண் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இனி, பெட்ரோல் வரவில்லையா, தீப்பொறி வரவில்லையா என்று பிரிக்கவேண்டும். இதற்கு ஒரு பிளக் ஸ்பானர் போதும். ஐந்தாறு விநாடி செல்ஃப் அடித்துவிட்டு, காயிலைப் பிடித்திருக்கும் 10 நம்பர் போல்ட்டைக் கழற்றி, பிளக்கை வெளியே எடுத்து மோந்து பாருங்கள். காய்ந்து, வாடையே இல்லாமல் இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்து பெட்ரோல் நெடி அடித்தால் பெட்ரோல் வருகிறது, குறை தீப்பொறியில். அல்லது செல்ஃப் அடித்து அடித்தே நீங்கள் எஞ்சினை மூழ்கடித்துவிட்டீர்கள். அப்போது ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகள் அந்த நிலையில் பெட்ரோலை நிறுத்திவிடும், உள்ளே இருப்பது காய்ந்துவிடும். மூன்றாவதாக ஒன்று உண்டு. பிளக் முனையில் ஈரம் முத்து முத்தாக நிற்கிறது, ஆனால் நெடி இல்லை. அது தண்ணீர். உங்களுக்கு இதுதான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய்த்தான் உட்காரும். பம்ப் உறிஞ்சுகிற வாயும் டேங்கின் அடியில்தான். வண்டி ஓடிக்கொண்டிருந்தவரை உள்ளே எல்லாம் குலுங்கிக் கலங்கிக் கிடந்திருக்கும், பத்து மைலும் சமாளித்து வீடு வந்துவிட்டீர்கள். ராத்திரி வண்டி நின்றதும் தண்ணீர் நிதானமாக இறங்கி, நேராக பம்ப் வாயைச் சுற்றி நின்றிருக்கும். காலையில் குழாயில் மிச்சம் இருந்த நல்ல பெட்ரோலில் அரை நிமிஷம் ஓடியது, பின்னாலேயே தண்ணீர் வந்துவிட்டது.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல வரவில்லை. நம் பக்கத்து மழையைச் சொல்லவேண்டுமா? மோல்மேன் கரையில் வருஷத்துக்கு 4 மீட்டருக்கு மேல் கொட்டுகிறது. திறந்த பலகையில் வரிசையாக நிற்கும் பாட்டில்கள், தளர்ந்த மூடி, மழையில் நனைந்த புனல், இது போதும். உங்கள் வண்டியின் பெட்ரோல் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலும் தண்ணீர் இறங்கும். அதையும் விரலால் தடவிப் பாருங்கள்.

சந்தேகம் தீர, எஞ்சின் பக்கம் வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி ஜாடியில் அரை லிட்டர் பிடித்து, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் நடுவில் கோடு போட்ட மாதிரி இரண்டு அடுக்காகப் பிரியும். முழு ஜாடியும் ஒரே நிறம் என்றால் நல்லது என்று உடனே நினைக்கவேண்டாம், மொத்தமும் தண்ணீராகவே இருந்த ஜாடியையும் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெட்ரோல் சில நிமிஷத்தில் தடம் தெரியாமல் பறந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாக நின்றால் மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருக்கிறது, அதுவும் காலையில் எஞ்சினைப் பிடிக்க விடாது.

இதைச் செய்யும்போது கவனம். இந்த வண்டிகளில் குழாய்க்குள் பெட்ரோல் 3 பாருக்கு மேல் அழுத்தத்தில் நிற்கும். அப்படியே கழற்றினால் கண்ணில் பீய்ச்சும். பம்ப் கனெக்டரையோ ஃபியூஸையோ பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் செல்ஃப் அடியுங்கள், பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், அதன்பின் துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகக் குழாயை எடுங்கள். ஜாடியில் பிடிக்கிற நேரத்துக்கு மட்டும், பிடுங்கிய கனெக்டரையோ ஃபியூஸையோ பேட்டரியோடு சேர்த்து மறுபடி மாட்டி செல்ஃப் அடிக்கவேண்டியிருக்கும்; குழாயின் முனை ஜாடிக்குள் ஆழமாக இருக்கட்டும், காயில் கனெக்டர்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். கரண்ட் இல்லையே என்று மெழுகுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு டேங்க் வேலை பார்த்த ஒருவரை நான் அறிவேன். புருவம் முளைக்க ஆறு மாதம் ஆயிற்று. கை டார்ச் போதும். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினாலும் நிறுத்தச் சொல்லுங்கள். பகலில் திறந்த வெளியில் செய்வது இன்னும் நல்லது.

தண்ணீர் என்று உறுதியானால் மேலே நல்ல பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தண்ணீர் அடியிலேயே இருக்கும், பம்ப் அதைத்தான் முதலில் குடிக்கும். டேங்கை முழுசாக வடிக்கவேண்டும். பின் சீட்டுக்கு அடியில் பம்புக்கு மேல்மூடி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ஒரு மணி நேர வேலை, இல்லையென்றால் டேங்கை இறக்கவேண்டும். கூலியைப் பேசும்போது இது முக்கியம். வடித்த பிறகு குழாய், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில் எல்லாவற்றிலும் நல்ல பெட்ரோலை ஓடவிட்டு அலசவேண்டும்.

பம்பை வெளியே எடுக்கும்போது அதன் காலில் ஒரு வலைப்பை மாட்டியிருக்கும், சாக்ஸ் மாதிரி. அதைக் கட்டாயம் பாருங்கள். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்ஸி வந்தது. அரை மைல் ஓடும், நிற்கும். பத்து நிமிஷம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். வேறு இடத்தில் பம்பும் மாற்றியாகிவிட்டது, காயிலும் மாற்றியாகிவிட்டது. டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், கைக்குட்டை அகலத்தில் ஒரு மெல்லிய துணி மிதந்துகொண்டிருந்தது. புனலில் வடிகட்ட வைத்த லோஞ்சி (பர்மிய லுங்கி) கிழிசல், பெட்ரோலோடு உள்ளே விழுந்திருக்கிறது. பம்ப் இழுக்கும்போது துணி வந்து வலைப்பையில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் விலகிவிடும். பம்ப் மாற்றியவர் டேங்குக்குள் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

காது வைத்துக் கேட்டும் பம்ப் சத்தம் வரவே இல்லையென்றால் வேறு வழி போகவேண்டும். ஃபியூஸ் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் போடவேண்டும். செம்புக் கம்பி சுற்றினால் அடுத்த முறை எரிவது வயர். ரிலேயை, மேலே அதே நம்பர் அச்சடித்த இன்னொரு ரிலேயோடு மாற்றிப் பார்க்கலாம். அப்புறம் பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்: கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தால் நூல் அளவு வயர்கூட 12 வோல்ட் காட்டும். பம்ப் மாட்டிய நிலையில், செல்ஃப் சுற்றும்போது, பின்பக்கமாகக் குத்தி அளக்கவேண்டும். அங்கே கிடைப்பது அதே நேரத்தில் பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிலோ ரிலேயிலோ எர்த்திலோ தடை. எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அரை வோல்ட் வந்தாலே துரு என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள்.

வோல்ட் சரியாக வந்தும் பம்ப் அசையவில்லையா? ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் டேங்க் அடியில் ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டட்டும். சட்டென்று எஞ்சின் பிடித்தால் பம்ப் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அன்றைக்கு வீடு போய்ச்சேரலாம், ஆனால் அதை நம்பி ரங்கூனுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது உண்மையாவது இந்த நிலையில்தான்.

சரி, பழைய நோய்க்கு வருவோம். காலையில் மட்டும் இழுத்தடிப்பது, பகலில் ஒரே தட்டில் கிளம்புவது, இது பெரும்பாலும் ராத்திரியில் குழாயின் அழுத்தம் வடிந்துபோகிற வேலை. இதற்குக் காது போதாது, பிரஷர் கேஜ் வேண்டும். பல டொயோட்டாக்களில் கேஜ் மாட்ட ரெயிலில் வால்வு இருக்காது, குழாய்க்கு நடுவில் டி-இணைப்பு போட்டு மாட்டவேண்டும்; அந்தச் சோம்பலில்தான் பலர் அளக்காமலே பம்ப் மாற்றுகிறார்கள் என்பது என் எண்ணம். புரோபாக்ஸில் வரும் 1என்இசட் எஞ்சினுக்கு அழுத்தம் 44 முதல் 50 பவுண்டு (பி.எஸ்.ஐ.) வரை இருக்கவேண்டும். எஞ்சினை நிறுத்தி 5 நிமிஷம் கழித்தும் 21 பவுண்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஓடும்போது சரியாக இருந்து, நிறுத்தியதும் மளமளவென்று இறங்கினால் இரண்டு வழிதான்: பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை, அல்லது ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டுகிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், செல்ஃப் அடிக்காமல், நாலு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். மூன்று காய்ந்து ஒன்று மட்டும் நெடி அடித்தால் அந்த இன்ஜெக்டர்தான். நாலும் காய்ந்திருந்தால் வால்வு மேல் சந்தேகம் கூடும். வால்வு கெட்டிருந்தால் கடைசியில் பம்ப் மாற்றத்தான் வேண்டியிருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது இன்றைக்கே செய்யவேண்டிய வேலை இல்லை. காலையில் இரண்டு தடவை கூடுதலாக செல்ஃப் அடித்துக்கொண்டு, பணம் சேரும்வரை மாதக்கணக்கில் ஓட்டலாம்.

தொல்லை தீரும் என்று 95 ஆக்டேன் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். ஜப்பானில் இந்த வண்டி குடித்தது ரெகுலர் பெட்ரோல். அங்கே ரெகுலருக்கு ஆக்டேன் 89க்குக் குறையக்கூடாது என்பதுதான் அளவு. நம் 92 தாராளம். எஞ்சின் பிடிப்பதற்கும் ஆக்டேன் நம்பருக்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காசில் எப்போதும் கால் டேங்குக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் பெட்ரோலில் முழுகிக் கிடந்துதான் சூடு தணிகிறது; பங்க் வரிசைக்குப் பயந்து கடைசிச் சொட்டுவரை ஓட்டுகிறவர்களின் பம்ப்தான் முதலில் போகிறது.

முதலில் ஜாடி, அதற்கப்புறம் டேங்க். வண்டி கிளம்பியபின் கேஜ் மாட்டச் சொல்லி, ஓடும்போது எத்தனை பவுண்டு, 5 நிமிஷம் கழித்து எத்தனை பவுண்டு என்ற இரண்டு எண்களை எழுதி அனுப்புங்கள். பம்ப் வாங்குவதா இல்லையா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.