கேற்றிலுக்குச் சரிவந்த கணக்கு மோட்டருக்கு ஏன் பிழைக்கிறது?

கோண்டாவில் வாசகர் ஒருவரின் கேள்வி: "கேற்றிலின் அடியில் இருந்த எழுத்து அழிந்துவிட்டது. அளந்தபோது 220 வோல்ற், 8 அம்பியர் காட்டியது. அது எத்தனை வாற், தடை எவ்வளவு? கிணற்று மோட்டர் 6.5 அம்பியர் எடுக்கிறது. அதே கணக்கைப் போட்டால் 1430 வாற் வருகிறது. ஒரு குதிரைவலு மோட்டருக்கு இது கூட அல்லவா? அதன் சுருளை ஓம் மீற்றரில் பார்த்தால் வெறும் 4 ஓம்தான்!"

கேற்றில் சுகமான கணக்கு. வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை: 220 ÷ 8 = 27.5 ஓம். இரண்டையும் பெருக்கினால் வலு: 1760 வாற்.

ஆனால் அழிந்துபோன எழுத்தில் 1760 என்று இருந்திருக்காது. சூடாக்கும் கம்பியின் தடை பெரிதாக மாறுவதில்லை, வீட்டுக்கு வரும் வோல்ற்றேஜ்தான் மாறும். வோல்ற்றேஜின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தாலும் வலு கிடைக்கும். நம் நாட்டின் நியம அளவான 230 வோல்ற்றில் இதே கேற்றில் ஏறத்தாழ 1924 வாற் எடுக்கும். பொழுதுபட்டு ஊரெல்லாம் லைற் போட, 200க்கு இறங்கினால் 1455 வாற்தான். அதாவது வோல்ற்றேஜ் 13 சதவீதம் குறைய, வலுவில் கால்வாசி போய்விடுகிறது. பின்னேரத் தேத்தண்ணீர் பிந்தினால் கேற்றிலைத் திட்ட வேண்டாம்.

சரி, மோட்டருக்கு வருவோம். நீங்கள் அளந்த 4 ஓம், செப்புக் கம்பியின் தடை மட்டும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது அது ஒன்றுதான் என்றால் 55 அம்பியர் பாய்ந்து பியூஸ் போயிருக்கும். வீட்டுக்கு வரும் ஆடலோட்டத்தில் (திசை மாறி மாறிப் பாயும் ஏசி கரண்ட்) சுருளின் காந்தப்புலம் ஓயாமல் மாறுவதால், அதற்குள்ளேயே ஓர் எதிர் வோல்ற்றேஜ் உண்டாகிறது. 6.5 அம்பியரோடு நிற்பது அதனால்தான். அதோடு மின்னோட்டம் வோல்ற்றேஜுக்குச் சற்றுப் பிந்தியும் வருகிறது. ஆகவே உங்களுக்கு வந்த 1430 வாற் அல்ல, வோல்ற்-அம்பியர். அதை வலுக் காரணியால், அதாவது அதில் எத்தனை பங்கு உண்மையான வாற் என்று சொல்லும் எண்ணால், பெருக்க வேண்டும். அது 0.75 என்று வைத்தால் 1070 வாற் அளவில் வரும். ஒரு குதிரைவலு 746 வாற். அது மோட்டர் வெளியே தருவது, உள்ளே எடுப்பது எப்போதும் அதைவிடக் கூட. எனவே பயப்பட ஒன்றுமில்லை.

அந்த 0.75 என் ஊகம்தான். சரியான விடையை உங்கள் வீட்டுக் கரண்ட் மீற்றரிடமே கேட்கலாம். டிஜிற்றல் மீற்றர் என்றால், ஒரு யூனிற்றுக்கு எத்தனை தரம் அதன் சிவப்பு லைற் மின்னும் என்று முகப்பில் அச்சிட்டிருக்கும். மற்றதையெல்லாம் நிறுத்தி மோட்டரை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடம் எண்ணுங்கள். 1000 என்று போட்டிருந்தால் ஒவ்வொரு மின்னலுக்கும் 60 வாற், 1600 என்றால் 37.5 வாற். 1000 மீற்றரில் 18 தரம் மின்னினால் 1080 வாற். வலுக் காரணியைப் பற்றிக் கவலையே இல்லை.

அம்பியர் அளக்கும்போது கிளாம்ப் மீற்றரை (வயரைச் சுற்றிக் கவ்விப் பிடித்து அளக்கும் மீற்றர்) ஒரு வயரில் மட்டும் மாட்டுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் சைபர்தான் காட்டும். சாதாரண மல்டிமீற்றரை அம்பியரில் வைத்து பிளக் பொயின்றில் குத்தவே கூடாது, நேரே சோட் ஆகும். ஓம் பார்ப்பதென்றால் பிளக்கைக் கழற்றிய பிறகுதான்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: அந்த கேற்றிலை எதில் செருகியிருக்கிறீர்கள்? பழைய 5 அம்பியர் உருண்டைப் பின் பொயின்றில் அடப்டர் போட்டென்றால், இன்றைக்கே 13 அம்பியர் பொயின்றுக்கு மாற்றுங்கள்.