கூட்டுப்பெட்டியைத் திறந்து பார்க்கலாமா?

கேள்வி: தோட்டச் சுவரில் மாட்டிய மரப்பெட்டிக்குள் ஒரு சிட்டுக்குருவி ஜோடி இரண்டு வாரமாக வைக்கோல் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. நான்கு நாளாகச் சத்தம் அடங்கிவிட்டது. முட்டை இட்டிருக்கிறதா, கூட்டை விட்டுவிட்டுப் போய்விட்டதா தெரியவில்லை. திறந்தால் மனித வாடை பட்டு தாய் திரும்பி வராது என்கிறார்கள். குழந்தைகளோ தினமும் நச்சரிக்கிறார்கள். உள்ளே கேமரா வைக்கலாமா?

பதில்: இப்போது திறக்க வேண்டாம். சத்தம் அடங்கியது பெரும்பாலும் நல்ல சேதிதான். கூடு கட்டும்வரை ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருக்கும் ஜோடி, முட்டை இட ஆரம்பித்ததும் வந்து போவது தெரியாத அளவுக்கு அடங்கிவிடும்.

முதலில் அந்த வாடை விஷயம். பறவைகளுக்கு மோப்பம் உண்டு, ஆனால் மனிதக் கை பட்ட வாடைக்காக முட்டையையோ குஞ்சையோ கைவிடுவதில்லை. கைவிடுவதற்குக் காரணம் தொந்தரவு. இந்த இடம் பத்திரமில்லை என்று தோன்றிவிட்டால் வேறிடம் பார்க்கும். அதுவும் ஆரம்பத்தில்தான் அதிகம். வைக்கோல் அடுக்கிய நாட்களிலும் முதல் இரண்டு மூன்று முட்டை இட்ட நாட்களிலும் விட்டுப் போவதால் அதற்குப் பெரிய நஷ்டமில்லை. பசியில் வாயைப் பிளக்கும் நாலைந்து குஞ்சுகளை விட்டுப் போவது வேறு விஷயம். உங்கள் ஜோடி இப்போது சுலபமாகக் கைவிடக்கூடிய கட்டத்தில் இருக்கிறது.

திறக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டியின் வாயைப் பாருங்கள். அதைவிட, வரும் குருவியின் அலகில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்து மீட்டர் தள்ளி ஒரு நாற்காலி, சாதாரண பைனாகுலர் ஒன்று, ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

அலகில் நீளமான வைக்கோலும் நாரும் இருந்தால் கட்டுமானம் நடக்கிறது. மெல்லிய இறகு, பஞ்சு, முடி என்று மாறினால் உள்ளே மெத்தை போடுகிறார்கள், முட்டைக்கு அதிக நாளில்லை. அப்புறம் வருவது வெறும் அலகு. ஆண் வந்து வாயருகே உட்கார்ந்து ஓரிரு முறை குரல் கொடுக்கும், பெண் வெளியே பறக்கும், ஆண் உள்ளே நுழையும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஆள் மாறும். சிட்டுக்குருவியில் பகலில் இருவரும் மாறி மாறி உட்காருவார்கள், இரவு முழுக்கப் பெண்தான். இந்த ஆள்மாற்றத்தைப் பார்த்துவிட்டால் உள்ளே அடை நடக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம். கழுத்தில் கறுப்புத் திட்டு இருப்பது ஆண் என்பதால் யார் உள்ளே, யார் வெளியே என்று குழந்தைகள்கூட அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

ஒரு நாள் காலையில் அலகில் ஏதோ சின்னதாக, பச்சையாகத் தொங்கும். புழு! அன்றோ முந்தைய நாளோ முதல் குஞ்சு பொரித்திருக்கிறது. வளர்ந்த சிட்டுக்குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் பூச்சிதான் ஆகாரம். சதை வளர அந்தப் புரதம் வேண்டும். அசுவினி, பச்சைப்புழு, சிலந்தி எதுவும் ஆகும். இதனால்தான் பெட்டி மாட்டிய தோட்டத்தில் பூச்சிக்கொல்லி அடிப்பது, வாடகைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி.

நாள் போகப் போக இரையின் அளவு பெரிதாகும், நடையும் கூடும். மணிக்குப் பத்துப் பதினைந்து நடை சாதாரணம். அதற்கடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. குருவி இப்போது அலகில் எதையோ வெளியே எடுத்துக்கொண்டு போகும். வெள்ளையாக, பளபளவென்று ஒரு சின்னப் பொட்டலம். அது குஞ்சின் எச்சம்தான். கூடு நாறாமல் இருக்க, மெல்லிய சவ்வுப் பையில் சுற்றியே வெளிவருகிறது. முதல் நாட்களில் பெற்றோர் அதை விழுங்கிவிடும், பிறகு தூரத்தில் கொண்டுபோய்ப் போடும். பொட்டலம் வெளியே வர ஆரம்பித்தால் குஞ்சுகள் நன்றாகத் தின்கின்றன என்று அர்த்தம்.

கடைசிக் கட்டத்தில் பெற்றோர் உள்ளே நுழைவதையே குறைத்துவிடும். துளையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு தலையை மட்டும் விட்டு ஊட்டும், ஏனென்றால் குஞ்சுகளே துளை வரை ஏறி வந்திருக்கும். மஞ்சள் ஓரம் வைத்த ஒரு வாய் துளையில் எட்டிப் பார்த்தால், இன்னும் இரண்டு மூன்று நாள்தான்.

நாள் கணக்கு தோராயமாக இப்படி. முட்டை நாளுக்கு ஒன்றாக, காலையில் இடும். மொத்தம் 4 அல்லது 5, சில சமயம் 3 அல்லது 6. கடைசி முட்டைக்குச் சற்று முன்போ பின்போ அடை தொடங்கும். 11 முதல் 14 நாளில் பொரிக்கும். பொரித்தபோது குஞ்சுக்குக் கண்ணும் திறந்திராது, உடம்பில் தூவியும் இராது. நான்கைந்து நாளில் கண் திறக்கும், ஒரு வாரத்தில் இறகுகள் ஊசி ஊசியாக முளைக்கும், பத்தாம் நாள் வாக்கில் ஊசிகள் விரிந்து குருவி மாதிரி தோன்ற ஆரம்பிக்கும். பதினைந்து நாள் வாக்கில் பறந்துவிடும். மைனா என்றால் எல்லாமே நீளும். அடை 17, 18 நாள், அதன் பிறகு கூட்டுக்குள் மூன்று வாரத்துக்கும் மேல்.

சரி, அப்போது திறக்கவே கூடாதா? கூடும், நேரம் பார்த்து. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அருகே வைத்தம் காட்டில் 1947-இல் பறவையியலாளர் டேவிட் லாக் பட்டாணிக்குருவிகளுக்குப் பெட்டி மாட்டித் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. அத்தனை வருடமாக ஆட்கள் பெட்டிகளைத் திறந்து எண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எப்போது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும், கூடுகளைக் கண்காணிக்கும் நெஸ்ட்வாட்ச் திட்டம் தன் தன்னார்வலர்களுக்குச் சொல்வது மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை. வேடிக்கை பார்ப்பதற்கு அதுகூட அதிகம் என்பது என் கருத்து. ஓர் ஈட்டுக்கு, அதாவது ஒரு முறை முட்டை இட்டுக் குஞ்சுகள் பறக்கும்வரை, இரண்டு முறை போதும்.

உங்கள் விஷயத்தில் முதல் முறை, இரை வர ஆரம்பித்து நான்கைந்து நாள் கழித்து. அதற்கு முன் குஞ்சுகளால் உடம்புச் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது, தாய் மேலே உட்கார்ந்தாக வேண்டும். இரண்டாவது முறை, பொரித்து எட்டாம் ஒன்பதாம் நாள். பத்தாம் நாளுக்குப் பிறகு பெட்டி பக்கமே கை போகக் கூடாது. அதிகாலை, மாலை, மழை, குளிர்காற்று எல்லாம் தவிர்க்க வேண்டிய நேரங்கள். இரண்டு பெரிய குருவிகளும் வெளியே போனதைக் கண்ணால் பார்த்த பிறகு போய், பெட்டியை மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, மேல்மூடியைத் தூக்கி, கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு மூடுங்கள். அரை நிமிடம். எண்ணுவது, வியப்பது, குழந்தைகளுக்குக் காட்டுவது எல்லாம் வீட்டுக்குள் படத்தை வைத்துக்கொண்டு. போகும்போது பூனையோ காகமோ உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெட்டியைத் தாண்டி நேரே நடந்து போய்விடுங்கள். நாம் எங்கே நிற்கிறோம் என்பதை அவை கவனிக்கும். பல நாடுகளில் காட்டுப் பறவைகளின் கூட்டைத் தொந்தரவு செய்வது குற்றம். உங்கள் பகுதியின் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பத்தாம் நாளை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. முதல் வருடம், பறக்கப் போகிற சமயம் படம் எடுத்தால் அழகாக இருக்குமே என்று பதின்மூன்றாம் நாள் மூடியைத் தூக்கினேன். நான்கு குஞ்சும் ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பின. பறக்கத் தெரியாமல் ஒன்று செடிக்குள், ஒன்று என் காலடியில். தேடிப் பிடித்து உள்ளே விட்டால் திரும்பவும் குதிக்கின்றன. அப்போது எனக்குத் தெரியாத வழி இது: குஞ்சுகளை உள்ளே விட்டதும் துளையை ஒரு துணியால் அடைத்துப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இருட்டில் அடங்கிவிடும். பிறகு ஓசைப்படாமல் துணியை எடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். துணியை மறந்துவிட்டுப் போனால் மூடியைத் திறந்ததைவிடப் பெரிய தப்பு.

கேமராவுக்கு வருகிறேன். நல்ல யோசனை, ஆனால் இந்தப் பெட்டிக்கு, இந்த ஈட்டுக்கு வேண்டாம். கூடு இருக்கும் பெட்டியில் துளை போடுவதும் திருகு முடுக்குவதும் கூட்டைக் கலைப்பதற்குச் சமம். குருவிகள் வருவதற்குச் சில வாரம் முன்பே பொருத்தி, ஒயர் இழுத்து, படம் தெளிவாக வருகிறதா என்று பார்த்து வைத்துவிட வேண்டும். இரவில் பார்க்க அகச்சிவப்பு ஒளி உள்ள கேமரா எடுங்கள். அந்த ஒளி பறவைக் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. 940 நானோமீட்டர் அலைநீள விளக்காக இருந்தால் மங்கலான சிவப்புகூடத் தெரியாது. சாதாரண கண்காணிப்புக் கேமராக்கள் அறையைப் பார்ப்பதற்கென்று செய்தவை. 15, 20 சென்டிமீட்டரில் படம் குழம்பிவிடும். அருகில் ஃபோகஸ் ஆகும் லென்ஸ்தானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

சிட்டுக்குருவியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலர் கேமரா மாட்டிய பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். பட்டாணிக்குருவி அடியில் பாசியைப் பரப்பிக் கிண்ணம் மாதிரி கட்டும், மேலிருந்து எல்லாம் தெரியும். முட்டை இடும் நாட்களில் வெளியே போகும்போது மெத்தையை இழுத்து முட்டையை மூடிவிட்டுப் போகும், காலிக் கூடு என்று ஏமாறாமல் இருந்தால் சரி. சிட்டுக்குருவியோ பெட்டி கொள்ளும்வரை வைக்கோலை அடைத்து, மேலே கூரையும் வளைத்துவிடும். உச்சியில் கேமரா வைத்தவருக்குக் கிடைப்பது இரண்டு மாத வைக்கோல் படம். பெட்டியை வழக்கத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் உயரமாகச் செய்து, கேமராவை மேல்மூலையில் சாய்த்து, துளைக்கு நேரே உள்ள பக்கத்தைப் பார்க்கும்படி வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். சிட்டுக்குருவி கூட்டமாக வாழ விரும்பும் பறவை. தோட்டத்தின் வேறொரு சுவரில் கேமராவோடு இரண்டாவது பெட்டி மாட்டி வையுங்கள், இன்னொரு ஜோடி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அந்தப் பெட்டிக்கு அளவுகள்: துளை 32 மில்லிமீட்டர். பெரிதாக்கினால் மைனா நுழைந்து குருவியைத் துரத்தும். துளையின் அடிவிளிம்பு பெட்டியின் உள்தரையிலிருந்து குறைந்தது 12 சென்டிமீட்டர் மேலே, பூனையின் கை எட்டாதபடி. பலகை 15 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன், உட்புறம் பெயின்ட் கூடாது, அடியில் தண்ணீர் வடிய நாலைந்து சின்னத் துளை. துளைக்குக் கீழே உட்காருவதற்குக் குச்சி வைக்காதீர்கள். குருவிக்கு அது தேவையில்லை, திருட வருபவருக்குத்தான் வசதி. உச்சிவெயிலும் சாரலும் நேரே அடிக்காத பக்கம், இரண்டு முதல் நான்கு மீட்டர் உயரம்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் பெட்டி வைத்த எல்லோரும் ஒருநாள் கேட்கிற கேள்வி. தரையில் குஞ்சு கிடந்தால்? உடம்பில் இறகு இல்லாவிட்டால் தவறி விழுந்தது, எடுத்து உடனே கூட்டில் வையுங்கள், கை பட்டதற்காகத் தாய் ஒதுக்காது. இறகு மூடி, தத்தித் தத்தி ஓடினால் அது பறக்கப் பழகுகிறது. பக்கத்துச் செடியில் உயரமாக ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெற்றோர் இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஊட்டுவார்கள், நீங்கள் நிற்கும்வரை வர மாட்டார்கள், அவ்வளவுதான். வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

சில நாள் ஒரு குஞ்சு சிறியதாகத் தெரியும், அப்புறம் காணாமலும் போகும். எல்லா முட்டையும் ஒரே நாளில் பொரிப்பதில்லை. கடைசியாக வந்தது இரை குறைந்த நாட்களில் பின்தங்கிவிடும். ஆண் குருவி இறந்து வேறொரு ஆண் வந்தால் பழைய குஞ்சுகளைக் கொத்தி வெளியே தள்ளுவதும் உண்டு. கேமரா வைக்கும் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இதற்கும் தயாராக இருங்கள். இடையில் புகுந்து ஊட்டவோ காப்பாற்றவோ முயல வேண்டாம்.

குஞ்சுகள் பறந்ததும் பெட்டியைச் சுத்தம் செய்ய அவசரப்படாதீர்கள். ஒரு பருவத்தில் இரண்டு மூன்று ஈடு எடுக்கும் ஜோடி அதே கூட்டைத் திருத்தி மறுபடி முட்டை இடும். பருவம் முழுக்க முடிந்து சில வாரம் ஆளரவமே இல்லை என்றானபின் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு பழைய கூட்டை எடுத்துவிட்டு, கொதிநீர் ஊற்றிப் பேனையும் உண்ணியையும் ஒழித்துக் காயவையுங்கள். மருந்து அடிக்க வேண்டாம். அதற்கு முன்பே, காலியென்று நினைத்த பெட்டியின் வாயில் ஆண் குருவி உட்கார்ந்து கத்த ஆரம்பித்தால், நோட்டில் புதுப் பக்கம் திருப்பித் தேதியைப் போட்டுவிடுங்கள்.