வாசகர் கேள்வி பதில்: அந்தக் குழந்தை வெளியேறும்போது

கேள்வி: பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடு ஒன்றில் ஜப்பானியக் குடும்பம் வாடகைக்குக் குடியேறுகிறது, அவர்களோடு வந்த 'சாஷிகி வராஷி' என்னும் குழந்தை ஆவி வீட்டாரை ஒவ்வொருவராகக் கொல்கிறது. இப்படியொரு திகில் சிறுகதை எழுதினேன். படித்தவர்கள், பயமே வரவில்லை என்கிறார்கள். பழைய பாத்திரங்களுக்கு உயிர் வருமாமே, அதையும் சேர்க்கலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அந்தக் குழந்தையின் கையில் கொலையைக் கொடுத்ததுதான் கோளாறு. நம் ஊர் தொயோலையும் அதையும் நீங்கள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். தொயோல் என்னும் மலாய்க் குட்டிப் பேய், வளர்ப்பவனுக்காகப் பிறர் வீட்டில் பணம் திருடுவது. சாஷிகி வராஷிக்கு எசமானன் கிடையாது. ஜப்பானின் வடகிழக்கே, குறிப்பாக இவாத்தே வட்டாரத்தில், பழைய வீட்டின் வரவேற்பறையில் தானாக வந்து தங்கும். தங்கியிருக்கும்வரை அந்த வீட்டில் செல்வம் நிலைக்கும் என்பது நம்பிக்கை. விளக்கு வைத்தபின் வீடு பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்று பாட்டி தடுத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நாட்டுப்புறவியலாளர் யனாகிட்டா குனியோ 1910-இல் வெளியிட்ட 'தோனோ மொனோகத்தாரி' என்னும் நாட்டார் கதைத் தொகுப்பில் இதைப் பற்றி இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு தாய் தனியே தைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து அறையில் காகிதம் சரசரக்கிறது. அது வீட்டுத் தலைவரின் அறை; அவரோ தோக்கியோவுக்குப் போயிருக்கிறார். கதவைத் திறந்தால் யாருமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில், யாரோ மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்கிறது. அவ்வளவுதான், அந்த மூக்குறிஞ்சலுக்கு ஈடான ஒரு வரி உங்கள் கதையில் இல்லை.

அடுத்தது, முகந்தெரியாத இரண்டு சிறுமிகளைப் பாலத்தருகே கண்ட ஊர்க்காரர் ஒருவரின் கதை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்க, ஊரின் செல்வந்தர் ஒருவரின் வீட்டைச் சொல்கிறார்கள். எங்கே போகிறீர்கள் என்றதற்கு வேற்றூர் வீடொன்றைச் சொல்கிறார்கள். அந்தச் செல்வந்தரின் காலம் முடிந்தது என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. சில நாளில் அவ்வீட்டார் இருபதுக்கும் மேற்பட்டோர் நச்சுக்காளான் உண்டு ஒரே நாளில் இறக்கிறார்கள். விளையாட்டு மும்முரத்தில் சாப்பாட்டுக்கு வர மறந்த ஏழு வயதுச் சிறுமி மட்டும் பிழைக்கிறாள். கொன்றது காளான். சிறுமிகள் செய்ததெல்லாம் வீட்டை விட்டு நடந்தது மட்டுமே.

ஆகவே திகிலை அது வருவதில் வைக்காதீர்கள், போவதில் வையுங்கள். இன்னொன்று, அது குடும்பத்தோடு பெட்டி கட்டிக்கொண்டு கடல் தாண்டி வருவதல்ல, வீட்டைப் பற்றியிருப்பது. கதையை இவாத்தேயிலேயே நடத்துங்கள், அல்லது பினாங்கு வீட்டுக்கென்று ஓர் ஆவியை நீங்களே படையுங்கள்.

பாத்திரங்களுக்கு உயிர் வருவது 'ட்சுகுமோகாமி'. நூறாண்டு பழகிய பொருளுக்கு ஆவி பிடிக்கும் என்பதும், ஆண்டிறுதித் துப்புரவில் தூக்கியெறியப்பட்டவை மனிதர்மேல் வஞ்சம் கொள்ளும் என்பதும் பழைய சித்திரச் சுருளொன்றில் வரும் கதை. அடுக்குமாடிக்கு மாறும்போது நாம் சாக்கடையோரம் விட்டுவந்த அம்மிகளை எண்ணினால் எனக்கே சற்று நடுக்கமாக இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே கதைக்குள் திணிக்க வேண்டாம். அம்மிக்குத் தனிக் கதை எழுதி அனுப்புங்கள்.