இருட்டறையில் தக்காளி நாற்று: எல்இடி விளக்குக்குப் பணம் போடும் முன்

கேள்வி: ராயக்கோட்டை அருகே குழித்தட்டில் தக்காளி, கத்தரி நாற்று வளர்த்து, தக்காளி நாற்றை ஒன்று 1 ரூபாய் 20 காசுக்கு விற்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழைமூட்டம் தொடர்ந்தால் நிழல்வலைக்குள் நாற்று வெளிறி, நெட்டையாக வளர்ந்துவிடுகிறது. வீட்டை ஒட்டி 10-க்கு 12 அடி அறை ஒன்று காலியாக இருக்கிறது. அதில் அடுக்குத் தட்டு அமைத்து எல்இடி விளக்கில் வளர்க்கலாமா? ஊதா வெளிச்சம் தரும் ‘1000 வாட்’ விளக்கு ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறேன். சாமந்தித் தோட்டங்களில் இரவில் கட்டுகிறார்களே, அந்தப் பல்பே போதும் என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். எது சரி?

பதில்: ஐயா, வணக்கம். அந்த ஊதா விளக்குக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால், கொடுக்க வேண்டாம். அறையை வீணாக்க வேண்டாம். அதற்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சாமந்திப் பல்பு. சாமந்தி, இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டு வைக்கும் பயிர். நடு இரவில் சிறிது வெளிச்சம் காட்டினால் இரவு குறுகியது என்று செடி கணக்கிட்டுக்கொண்டு, பூக்காமல் தழையாகவே வளரும். அங்கே வெளிச்சம் ஒரு சைகை. மங்கலாக இருந்தாலே போதும். உங்கள் நாற்றுக்கு வெளிச்சம் சாப்பாடு. அதே பல்பை நாற்றுக்கு மேலே தொங்கவிட்டால் செடி பட்டினிதான் கிடக்கும்.

எவ்வளவு சாப்பாடு வேண்டும்? இலை மேல் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு விழும் ஒளித்துகள்களை மைக்ரோமோல் என்ற அலகில் எண்ணுகிறார்கள். உச்சி வெயிலில் இது 2000-ஐ ஒட்டி இருக்கும். அறைக்குள் தக்காளி நாற்றுக்குச் சுமார் 180 முதல் 200 வரை, நாளுக்கு 16 மணி நேரம் வேண்டும். நாள் முழுவதும் சேர்த்துக் கூட்டினால் 10 முதல் 12 மோல் ஆகிறது (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). கூடுதல் நேரம் எரித்தால் கூடுதல் வளர்ச்சி என்று 24 மணி நேரமும் விளக்கைப் போட்டுவிடாதீர்கள். தொடர் வெளிச்சத்தில் தக்காளி இலை மஞ்சளாகிப் பழுதுபடும். தினமும் சில மணி நேர இருள் கட்டாயம் வேண்டும்.

பெட்டியில் அச்சிடும் லூமென், மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் பச்சையைத்தான் அதிகம் உணரும். செடியின் கணக்கு வேறு. வெள்ளை எல்இடிக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு: லூமெனை 70-ஆல் வகுத்தால் விளக்கு ஒரு விநாடிக்கு வெளியிடும் மைக்ரோமோல் ஏறத்தாழக் கிடைக்கும். கடையில் கிடைக்கும் நான்கடி, 20 வாட், 2000 லூமென் டியூப் லைட் ஒன்று சுமார் 29 மைக்ரோமோல் தரும். இனி நாற்றுக்கான செலவைப் பார்ப்போம்.

நான்கடிக்கு இரண்டடித் தட்டு, 0.74 சதுர மீட்டர். அதில் 98 குழித் தட்டு நான்கு வைக்கலாம், 392 நாற்று. ஆறு டியூப் லைட்டை ஓரடி உயரத்தில் கட்டி, பக்கவாட்டில் வெள்ளைத் தகடு அடித்தால், கால் பங்கு சிதறிப்போனாலும் இலையில் 175 வரை விழும். ஆறு விளக்குக்கும் சேர்த்து 120 வாட், 16 மணி நேரத்துக்கு 1.92 யூனிட். முளைக்கும் மூன்று நாளுக்கு வெளிச்சமே தேவையில்லை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தாளால் மூடி வைப்பதை நீங்களே செய்கிறீர்கள். நாற்று 25 நாளில் தயாராகும் என்று வைத்துக்கொண்டால், மீதி 22 நாளுக்கு 42 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 338 ரூபாய். நாற்று ஒன்றுக்கு 86 காசு.

நீங்கள் விற்பதோ 1 ரூபாய் 20 காசுக்கு. விதை, நார்க்கழிவு, ஆள் கூலி, தட்டு எல்லாம் மீதி 34 காசுக்குள் முடியுமா? செடிக்கென்றே செய்த, விலை கூடிய, மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் விளக்கை வாங்கினாலும் 40 காசுக்குக் கீழே கொண்டுவருவது கடினம். அந்த விளக்கின் விலை தனி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெளிந்த நாளில் 40 மோலை ஒட்டி வெயில் இலவசமாகக் கொட்டுகிறது. அதை விட்டுவிட்டுச் சாதாரணத் தக்காளி நாற்றை அறைக்குள் வளர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் உண்மையான குறை நிழல்வலையில் இருக்கிறது. வெயில் காலத்தில் பாதி வெளிச்சத்தைத் தடுக்கும் வலை நல்லது. 40-இல் 20 உள்ளே வரும், நாற்றுக்கு அது தாராளம். ஆனால் அடைமழை மூட்டத்தில் வெளியிலேயே 10 முதல் 15 மோல்தான் கிடைக்கும். அதிலும் பாதியை வலை எடுத்துக்கொண்டால் நாற்று நெட்டை விடாமல் என்ன செய்யும்? நிலையாகக் கட்டிய வலையை, சுருட்டி இழுக்கிற வலையாக மாற்றுங்கள். மழைக்குத் தெளிவான பாலித்தீன் கூரை இருக்கட்டும். ஆண்டு முழுவதும் படிந்த தூசியைப் புரட்டாசியிலேயே கழுவிவிடுங்கள். மூட்டமான நாளில் வலை சுருண்டே இருக்க வேண்டும், வெயில் வந்தால் இழுத்து மூடுங்கள்.

வெளிச்சம் போதுகிறதா என்பதை விதையிலைக்குக் கீழே உள்ள தண்டு சொல்லும். குந்துகாலிட்டு உட்கார்ந்து கண்ணுக்கு நேராகப் பாருங்கள். நன்றாக இருக்கும் நாற்றில் அந்தத் தண்டு குட்டையாக, லேசாக ஊதா பூத்து, மெல்லிய ரோமத்தோடு நிற்கும். பட்டினி கிடந்தது வெளிறி, பூவாளித் தண்ணீர் பட்டதும் சாய்ந்துவிடும். இலை மாறும் முன்பே தண்டில் இது தெரிந்துவிடும்.

இப்போது அந்த அறைக்கு வருவோம். ஒட்டு கட்டிய கத்தரி நாற்றுக்கு அதைப் பயன்படுத்துங்கள். சுண்டை வேர்ச்செடியில் ஒட்டிய கத்தரி, பாக்டீரியா வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாக்குப்பிடிக்கும். சாதாரண நாற்றைப் போலப் பல மடங்கு விலை போகும். ஒட்டுக் கட்டிய பிறகு ஒரு வாரம்தான் அதற்கு மூடிய அறை தேவை. 25 முதல் 28 டிகிரி வெப்பம், 90 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம், முதல் இரண்டு நாள் கிட்டத்தட்ட இருட்டு, பிறகு மெல்ல மெல்ல 50 முதல் 80 மைக்ரோமோல் வெளிச்சம். வெயிலில் வைத்தால் ஒட்டிய தளிர் வாடிவிடும், முழு இருட்டில் விட்டால் வெளிறிவிடும். இந்த இடைப்பட்ட வெளிச்சத்தைச் சீராகத் தர எல்இடியைப் போல் வேறொன்று இல்லை. ஒரு தட்டுக்கு இரண்டு டியூப் லைட், 40 வாட், 14 மணி நேரம். ஏழு நாளும் எரித்தால்கூட 4 யூனிட், 32 ரூபாய். 50 குழித் தட்டு நான்கு வைத்தால் 200 நாற்று. ஒன்றுக்கு 16 காசுதான். மழைக்கால இரவுக் குளிரில் விளக்கின் சூடுகூட அறைக்குள் உதவியாகிவிடும். சுண்டை விதை மெதுவாக முளைக்கும் என்பதால் கத்தரிக்கு முன்பே விதைத்துவிடுங்கள். கைப்பழக்கம் பிடிபட, தருமபுரி பக்கம் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ கேளுங்கள்.

விளக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது? பெட்டியில் ‘1000 வாட்’ என்றிருந்தால் நம்பாதீர்கள். உண்மையில் இழுக்கும் மின்சாரம் பலவற்றில் அதில் பத்தில் ஒரு பங்குதான். கடைக்காரர் ஒன்றைச் சோதிக்கத் தந்தால், வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த விளக்கை மட்டும் போட்டு மின்மீட்டரில் சிமிட்டும் சிவப்புப் புள்ளியைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்றிருந்தால், 1000 வாட் விளக்குக்கு விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் சிமிட்ட வேண்டும். 11 விநாடிக்கு ஒரு முறை சிமிட்டினால் அது 100 வாட் விளக்கு.

ஊதா நிறம் பற்றி. சிவப்பும் நீலமும்தான் இலைக்கு வேண்டும், பச்சை வீண் என்ற பேச்சு இன்னும் சுற்றுகிறது. பச்சை ஒளியையும் இலை நன்றாகவே பயன்படுத்துகிறது என்பது 1970-களின் தொடக்கத்திலேயே அளந்து காட்டப்பட்டுவிட்டது. வெள்ளை எல்இடி என்பதே நீல ஒளித்துண்டின் மேல் மஞ்சள் பூச்சு பூசியது. அதில் நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் உண்டு. பெட்டியில் 6500 கெல்வின் என்று ஒளியின் நிற அளவு குறித்த குளிர்வெள்ளையில் நீலம் கூடுதலாக இருப்பதால் நாற்று குட்டையாக நிற்கும். ஊதா வெளிச்சத்தில் எனக்குப் பெரிய மனக்குறை வேறு: இலைப்புள்ளி, வெள்ளை ஈ, இலைத்துளைப்பான் கோடு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் மஞ்சள், எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. நாற்றங்கால்காரருக்குக் கண்தான் முதல் கருவி.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் கைப்பேசிச் செயலி துல்லியமில்லை. ஆனாலும் தட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் பார்க்கப் போதும். வெள்ளை விளக்கில் 70 லக்ஸ் என்பது ஏறத்தாழ ஒரு மைக்ரோமோல். ஓரத்தில் பாதிகூட இல்லையென்றால் விளக்குகளை ஓரமாகத் தள்ளிக் கட்டுங்கள்.

ஈரம் நிறைந்த அறை என்பதால் தூசியும் தண்ணீரும் புகாது என்பதைக் காட்டும் ஐபி 65 குறியுள்ள விளக்காக, மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் தாங்கும் டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பாகம்) உள்ளதாக வாங்குங்கள். எர்த்திங்கும், கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கரும் இல்லாமல் ஒரு விளக்கைக்கூட மாட்டக் கூடாது. ஈரக் கையோடு தட்டை எடுக்கப்போவது உங்கள் வீட்டுப் பெண்களும் வேலையாட்களும்தான். பம்புசெட்டின் இலவச மின் இணைப்பிலிருந்து கம்பி இழுக்காதீர்கள். அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே. அறைக்கு எந்தக் கட்டண வகையில் இணைப்பு வேண்டும் என்பதை உங்கள் பிரிவு மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். யூனிட் 8 ரூபாய்க்கு மேல் போனால் நான் போட்ட கணக்கை அந்த விலைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.