உரியும் உறியும்

அன்புள்ள ஐயா,

சமையல் காணொளிகளில் ‘வெங்காயத்தை உறித்து’ என்றே எழுதுகிறார்கள். எது சரி? அவிழ், கழற்று, உரி மூன்றும் ஒரே பொருள்தானே? ‘உரிமை’யும் இந்த ‘உரி’யிலிருந்து வந்ததா?

கவிதா, கோவில்பட்டி

அன்புள்ள கவிதா,

இடையின ‘ரி’தான் சரி. உறி என்பது உத்தரத்தில் கட்டித் தொங்கவிடும் கயிற்றுத் தூக்கு. வெங்காயத்தை அதில் வைக்கலாம், உறிக்க முடியாது.

மூன்றும் ஒன்றல்ல. முடிச்சோ கட்டோ இருந்தால் அவிழ்க்கிறோம்: வேட்டி, கூந்தல், மூட்டை. மொட்டும் அவிழும். வெந்து மலர்ந்த சோற்றுப் பருக்கைக்கே ‘அவிழ்’ என்றொரு பழைய பெயர் உண்டு. மோதிரம், செருப்பு மாதிரி மாட்டியிருப்பதைக் கழற்றுகிறோம். சங்கப் பாடல்களின் தலைவியர் மெலிந்ததும் வளை தானாகவே கழலும், பாவம்.

உரிப்பதற்கு மூடியிருப்பது உடம்போடு ஒட்டி வளர்ந்ததாக இருக்க வேண்டும், ஆனால் பிரிந்தும் வர வேண்டும். தேங்காயைப் பாருங்கள். நட்டு வைத்த பாரையில் குத்தி ஒரு திருகு திருகினால், மட்டை நார் நாராகக் கிழிந்து பாளமாகக் கழன்று விழும். அதே காய் இளசாக இருந்தால்? மட்டை ஈரமாகக் கெட்டித்துக் கிடக்கும், பிரியாது. அரிவாளால் சீவித்தான் ஆக வேண்டும். அதனால்தான் எந்தக் கடைக்காரரும் இளநீரை ‘உரித்துத் தரட்டுமா’ என்று கேட்பதில்லை. உருளைக்கிழங்குக்கும் இதே கதைதான். பச்சையாக இருந்தால் சீவுகிறோம், வேகவைத்தால் உரிக்கிறோம்.

அப்புறம், உரி என்பது செயல் மட்டுமல்ல, உரித்தெடுத்த பொருளும்கூட. மரப்பட்டை ஆடை மரவுரி. பாம்பு கழற்றிப் போட்ட சட்டை அரவுரி. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குத் தரும் துணி ‘அரவுரி அன்ன அறுவை’. பாம்புச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசாக, செதில் வரி தெரிய இருக்கும். பூ வேலை செய்த மெல்லிய துணிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை.

உரிமைக்கு வருகிறேன். ‘சொந்தமாதல்’ என்னும் பொருளுடைய உரியை அகராதிகள் தனிச் சொல்லாகத்தான் தருகின்றன. இரண்டையும் முடிச்சுப்போட்டு வரும் விளக்கங்களை நான் நம்புவதில்லை. மூன்றாவதாக இன்னொரு உரியும் உண்டு. அது முகத்தல் அளவை: இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. பழைய கணக்கேட்டில் ‘நெய் உரி’ என்று கண்டால் தோலைத் தேட வேண்டாம்.