மாட்டுக்குச் சதாவரி: டானிக்கா, தூளா, எக்ஸ்ட்ராக்டா?

கேள்வி: என் கலப்பினப் பசு கன்று ஈன்று மூன்று மாதம் ஆகிறது. பால் குறைவதால் சதாவரி (தண்ணீர்விட்டான் கிழங்கு) கொடுக்கச் சொல்கிறார்கள். டானிக் லிட்டர் 420 ரூபாய். 10 மில்லியில் 1 கிராம் கிழங்கு, தினம் 100 மில்லி கொடுக்க வேண்டுமாம். கிழங்குத் தூள் கிலோ 600, தினம் 50 கிராம். '10:1 எக்ஸ்ட்ராக்ட்' கிலோ 2,400, தினம் 10 கிராம். எதை வாங்கலாம்?

பதில்: பாட்டில் விலையை விடுங்கள். ஒரு நாளைக்கு மாட்டின் வயிற்றுக்குள் எவ்வளவு கிழங்கு போகிறது என்று கணக்குப் போடுங்கள். டானிக்கில் 42 ரூபாய்க்கு 10 கிராம்தான். தூளில் 30 ரூபாய்க்கு 50 கிராம். டானிக்கை இத்தோடு ஒதுக்கிவிடலாம்.

எக்ஸ்ட்ராக்ட்தான் இடிக்கிறது. 10:1 என்றால் 10 கிலோ காய்ந்த கிழங்கிலிருந்து 1 கிலோ சாரம். நீங்கள் சொன்ன தூள் விலையில் பாதிக்கே கிழங்கு கிடைத்தாலும் அதற்கு மட்டும் 3,000 ரூபாய் ஆகிறது. பிறகு 2,400-க்கு எப்படிக் கட்டுப்படியாகும்? இன்னொன்று, சதாவரியில் கிட்டத்தட்ட பாதி தண்ணீரிலேயே கரையும். வெறும் தண்ணீரில் காய்ச்சி எடுத்தால் 10:1 வராது, 2:1 வந்தாலே பெரிது. எதில் எடுத்தது, எடை கூட்டச் சேர்க்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி எவ்வளவு கலந்தது என்று கேளுங்கள். சதாவரியில் உள்ள, நுரைக்கும் பொருளான சப்போனின் இருக்கிறது என்று கடைக்காரர் குலுக்கி நுரை காட்டினால் மயங்காதீர்கள், பூந்திக்கொட்டையும் நுரைக்கும்.

தூளிலும் கலப்படம் எளிது. அதனால் நாட்டு மருந்துக் கடையில் முழுக் கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். தோலும் நடு நாரும் நீக்கிய, வெளிர் மஞ்சள் கிழங்கு நல்லது. ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. கரும்புள்ளியோ பூஞ்சை வாடையோ இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நச்சு தீவனத்தோடு போய்ப் பாலில் எம்1 என்ற வடிவில் இறங்கும். பாலில் அதற்கு அனுமதி கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். அரைத்த தூளை ஈரம் படாமல் வையுங்கள்.

அப்புறம், கன்று ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்குவது இயல்பு. சட்டென்று குறைந்திருந்தால் சதாவரிக்குப் பணம் போடும் முன் கால்நடை மருந்தகத்தில் வெளியே அறிகுறி தெரியாத மறைமுக மடிவீக்கத்துக்குப் பாலைச் சோதித்துவிடுங்கள். பசுந்தீவனமும் தாது உப்பும் சரியாகப் போகிறதா என்றும் பாருங்கள். இவற்றில் குறை இருந்தால் எந்தக் கிழங்கும் பாலைக் கூட்டாது.